சைட்டோகுரோம் சி ஆக்சிடேசின் இரண்டாம் துணையலகு: இரண்டு தாமிர அணுக்கள் எதற்கு?

கேள்வி: முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை உயிர்வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேசின் இரண்டாம் துணையலகைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பாடநூல்களிலிருந்து திரட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்; பிழையிருந்தால் திருத்தவும்.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் இந்தச் சுவாச நொதி, எலக்ட்ரானைச் சுமக்கும் சிறு புரதமான சைட்டோகுரோம் சி-யின் நான்கு மூலக்கூறுகளிடமிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பெற்று, ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றை இரண்டு நீர் மூலக்கூறுகளாக ஒடுக்குகிறது. கூடவே நான்கு புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது. மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்த நொதியில் 13 துணையலகுகள் (நொதியை ஆக்கும் தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) காணப்பட்டன. அவற்றுள் அளவில் பெரிய முதல் மூன்றும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் குறிக்கப்பட்டவை, எஞ்சியவை உட்கருவிலிருந்து வருகின்றன. இரும்பு தாங்கும் குழுக்களான ஹீம் ஏ, ஹீம் ஏ3 ஆகியவையும் தாமிரம்-பி என்ற தாமிர மையமும் முதல் துணையலகுக்குள் இருக்கின்றன. தாமிரம்-ஏ எனப்படும் மையம் மட்டும் இரண்டாம் துணையலகில் இருக்கிறது. அதில் இரண்டு தாமிர அணுக்கள் உள்ளன.

எனக்கு விளங்காதவை மூன்று. முதலாவது, ஹீம் ஏ இருக்கும்போது சைட்டோகுரோம் சி அதற்கே நேரடியாக எலக்ட்ரானைக் கொடுத்துவிடலாமே; இடையில் ஒரு தாமிர மையம் ஏன், அதிலும் ஒரே ஓர் எலக்ட்ரானைச் சுமக்க இரண்டு அணுக்கள் ஏன்? இரண்டாவது, ஆய்வகத்தில் இந்நொதியின் செயல்பாட்டை 550 நானோமீட்டரில் அளக்கும்போது எங்களுக்கு நேர்கோடு கிடைப்பதே இல்லை. கோடு தொடக்கத்திலிருந்தே வளைகிறது. நொதி கெட்டுவிட்டதோ என்று உடன் செய்யும் தோழிகள் ஐயுறுகிறார்கள். மூன்றாவது, பத்துத் துணையலகுகளின் மரபணுக்கள் உட்கருவில் இருக்கும்போது இந்த ஒன்றின் மரபணு ஏன் இன்னும் மைட்டோகாண்ட்ரியாவிலேயே தங்கியிருக்கிறது? விரிவாக விளக்குவோருக்கு முன்கூட்டியே நன்றி.

மறுமொழி 1: புரதக் கட்டமைப்பாளர்

தாங்கள் எழுதியவை சரியானவை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முன்பு சுவாசச் சங்கிலியின் இன்னொரு நொதியான முதலாம் கூட்டமைப்பைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட ஒரு சிறு புரதம் உண்மையில் இந்த நொதியுடன் இணைந்திருப்பது 2012இல் தெரியவந்ததால், மனித நொதிக்கு 14 துணையலகுகள் என்று இப்போது எழுதுகிறார்கள்.

முதல் கேள்விக்கு விடை வடிவத்தில் இருக்கிறது. ஆகவே வடிவத்திலிருந்து தொடங்குகிறேன். மாட்டு நொதியிலும் மனித நொதியிலும் இரண்டாம் துணையலகு 227 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் முன்பகுதி இரண்டு நீண்ட ஆல்ஃபா சுருள்களாகச் சவ்வை ஊடுருவுகிறது. முனை, வால் ஆகிய இரண்டும் சவ்விடைவெளியில் (உட்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவில்) இருக்க, சுருள்களை இணைக்கும் சிறு வளையம் மட்டும் உட்சவ்வுக்கு உள்ளேயுள்ள மேட்ரிக்ஸ் பக்கம் எட்டிப்பார்க்கிறது. பின்பகுதி முழுவதும் சவ்விடைவெளியில் ஓர் உருண்டைத் திரளாக நிற்கிறது. பீட்டா இழைகள் பீப்பாய்போல் சுற்றியமைந்த அந்தத் திரள், பசுங்கணிகத்தில் உள்ள பிளாஸ்டோசயனின், பாக்டீரியாக்களின் அசூரின் போன்ற நீலத் தாமிரப் புரதங்களின் மடிப்பை அப்படியே ஒத்திருக்கிறது. தாமிரம்-ஏ இந்தத் திரளில்தான் இருக்கிறது.

இனி உயரங்களைப் பாருங்கள். 1995இல் ஜப்பானில் சுகிஹாரா, யோஷிகாவா ஆகியோரின் குழு மாட்டு இதய நொதியின் கட்டமைப்பையும், அதே ஆண்டில் ஜெர்மனியில் இவாட்டா, மிஷெல் ஆகியோரின் குழு பாராகாக்கஸ் டீநைட்ரிஃபிகன்ஸ் என்ற பாக்டீரியத்தின் நொதியையும், இரண்டையும் 2.8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) நுட்பத்தில், வெளியிட்டன. மாட்டு நொதியில் தாமிரம்-ஏ சவ்வின் மேற்பரப்புக்குச் சுமார் 8 ஆங்ஸ்ட்ராம் மேலே இருக்கிறது. ஹீம்கள் இரண்டும் சுமார் 13 ஆங்ஸ்ட்ராம் உள்ளே புதைந்திருக்கின்றன. சைட்டோகுரோம் சி நீரில் கரையும் புரதம்; அது சவ்வுக்குள் நுழையாது. புரதத்தின் ஊடாக எலக்ட்ரான் தாவும் வேகம் தொலைவைப் பொறுத்து மிகக் கடுமையாகக் குறைகிறது. ஏறத்தாழ 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடும்போதெல்லாம் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். மையங்களின் விளிம்புக்கு விளிம்பு அளந்தால் (உலோகத்துக்கு உலோகம் அன்று) 14 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்பட்ட ஒரே தாவல் உயிரணுவின் தேவைக்கு உதவாது என்பது பொதுவான கணக்கு. ஆகவே மேற்பரப்பில் வந்தமரும் சைட்டோகுரோம் சி-க்கும் புதைந்திருக்கும் ஹீமுக்கும் நடுவில் ஒரு படி இன்றியமையாதது. அந்தப் படியே தாமிரம்-ஏ.

அந்தப் படியில் ஏன் இரண்டு அணுக்கள் என்பது இதைவிட அழகான செய்தி. தாமிரம் ஓர் எலக்ட்ரானைப் பெறும்போதும் இழக்கும்போதும் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களின் அமைப்பை மாற்றிக்கொள்ள விரும்பும் தனிமம். ஒற்றை நேர்மின்சுமை கொண்ட தாமிரம் நான்முகி அமைப்பை நாடும். இரட்டை நேர்மின்சுமை கொண்டது தட்டையான சதுர அமைப்பை நாடும். இப்படி ஒவ்வொரு முறையும் பிணைப்புகள் நீண்டு குறுகினால் அதற்கு ஆற்றல் வேண்டும். அந்த மறுசீரமைப்பு ஆற்றல் எவ்வளவு மிகுதியோ எலக்ட்ரான் தாவல் அவ்வளவு மெதுவாகும். தாமிரம்-ஏவில் இரண்டு அணுக்கள் சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. சிஸ்டீன் 196, சிஸ்டீன் 200 (எண்கள் சங்கிலியில் அந்த அமினோ அமிலங்களின் இடங்கள்) ஆகியவற்றின் கந்தக அணுக்கள் ஒவ்வொன்றும் இரு தாமிரங்களையும் ஒருசேரப் பற்றியிருக்கின்றன. ஒரு புறத்தில் ஹிஸ்டிடின் 161உம் மெத்தியோனின் 207உம், மறுபுறத்தில் ஹிஸ்டிடின் 204உம் குளுட்டாமிக் அமிலம் 198இன் முதுகெலும்பு ஆக்சிஜனும் கட்டமைப்பை நிறைவு செய்கின்றன. ஆக்சிஜனேற்ற நிலையில், இணையில்லா எலக்ட்ரான் எந்தத் தாமிரத்துக்கும் தனியுரிமையாக இருப்பதில்லை. இரண்டுக்கும் தலா ஒன்றரை மின்சுமை என்ற கணக்கில் அது பரவிக் கிடக்கிறது. வரும் எலக்ட்ரானும் அவ்வாறே இரண்டுக்கும் பகிரப்படுவதால், எந்த ஒரு பிணைப்பும் சிறிதளவே மாறினால் போதும். சுற்றியுள்ள பீப்பாய் மடிப்பும் அந்த அமைப்பை இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. மறுசீரமைப்பு ஆற்றல் இவ்வாறு குறைந்துவிடுவதால், தாமிரம்-ஏவுக்கும் ஹீம் ஏவின் இரும்புக்கும் இடையே ஏறத்தாழ 19 ஆங்ஸ்ட்ராம் தொலைவிருந்தும், மின்னழுத்த வேறுபாடு சில பத்து மில்லிவோல்ட் மட்டுமே ஆனாலும், எலக்ட்ரான் நொடிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறை தாவும் வேகத்தில் கடக்கிறது. முழு நொதியும் நொடிக்குச் சில நூறு எலக்ட்ரான்களையே கையாளுகிறது என்பதால் இந்தப் படி ஒருபோதும் தடையாவதில்லை.

இரண்டு அணுக்கள் உள்ளன என்ற செய்தி எளிதில் நிலைபெற்றதன்று. நெடுங்காலம் இந்த நொதிக்கு இரண்டு ஹீம், இரண்டு தாமிரம் என்றே எழுதி வந்தார்கள். தாமிரம்-ஏ ஒற்றை அணு என்று நம்பப்பட்டது. 1987இல் ஸ்டெஃபென்ஸ், பூசே ஆகியோர் கவனமான தனிமப் பகுப்பாய்வின் மூலம் ஒவ்வொரு நொதியிலும் இரண்டு ஹீமுக்கு மூன்று தாமிரம் இருப்பதாகக் காட்டினர். நைட்ரஸ் ஆக்சைடு ரிடக்டேஸ் என்ற பாக்டீரிய நொதியிலும் இதே மையம் இருக்கிறது. அதன் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு நிறமாலையில் தெளிவாகத் தெரிந்த ஏழு கோடுகள், ஒரே எலக்ட்ரான் இரண்டு தாமிர உட்கருக்களையும் உணர்கிறது என்பதற்குச் சான்றாயின. ஐயம் முற்றிலும் நீங்கியது 1995இன் படிகக் கட்டமைப்புகளில்தான்.

கருத்தரங்கில் ஒரே ஒரு படம் காட்ட முடியுமானால், குளுட்டாமிக் அமிலம் 198ஐ அருகில் வைத்துக் காட்டுங்கள். அதன் முதுகெலும்பு ஆக்சிஜன் தாமிரத்தைத் தொடுகிறது. அதே அமிலத்தின் பக்கச் சங்கிலியோ முதல் துணையலகின் ஹிஸ்டிடின் 368, ஆஸ்பார்டிக் அமிலம் 369 ஆகியவற்றுடன் சேர்ந்து ஒரு மக்னீசியம் அயனியைப் பிடித்திருக்கிறது. இரண்டு துணையலகுகளும் சந்திக்கும் எல்லையில் ஒரே ஓர் அமினோ அமிலம் இரு உலோகங்களையும் பற்றி நிற்பதைப் பார்த்தவர்கள், இந்தத் துணையலகை வெறும் மின்கம்பியாக நினைக்க மாட்டார்கள். மேலும், முதல் துணையலகுக்குள் செல்லும் புரோட்டான் பாதைகளுள் கே-வழி எனப்படுவதன் நுழைவாயிலில் இரண்டாம் துணையலகின் குளுட்டாமிக் அமிலம் 62 அமர்ந்திருக்கிறது. புரோட்டான் வேலையிலும் இதற்குப் பங்கு உண்டு.

மறுமொழி 2: நுண்ணுயிரியல் ஆய்வர்

முந்தைய மறுமொழியுடன் முழுவதும் உடன்படுகிறேன். அந்த வாதத்தை எதிர்ப்புறத்திலிருந்து சோதித்த ஓர் ஆய்வை இங்கே சேர்ப்பது பொருத்தமாக இருக்கும்.

ஈ.கோலை பாக்டீரியத்தின் போ3 ஆக்சிடேஸ் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அது சைட்டோகுரோம் சி-யிடமிருந்து எலக்ட்ரானை வாங்குவதில்லை. சவ்வுக்குள்ளேயே கரைந்திருக்கும் யுபிகுவினாலிடமிருந்து நேரடியாகப் பெறுகிறது. மேற்பரப்பில் படி தேவைப்படாத அந்த நொதியின் இரண்டாம் துணையலகில் பீப்பாய் மடிப்பு அப்படியே இருக்கிறது. தாமிரத்தைப் பற்றும் சிஸ்டீன்களும் ஹிஸ்டிடின்களும் மறைந்துவிட்டன. 1992இல் ஹைடல்பெர்க்கில் மத்தி சரஸ்தேயின் குழு அந்த அமினோ அமிலங்களை மரபுப் பொறியியல் மூலம் மீண்டும் பொருத்தியது. பரிணாமத்தில் இழக்கப்பட்ட மையம் திரும்ப உருவானது; அந்தப் புரதத் துண்டு ஊதா நிறம் பெற்றது. பின்னர் அசூரினின் ஒரு வளையத்தை மட்டும் மாற்றி, நீலப் புரதத்தை ஊதாப் புரதமாக்கிய ஆய்வும் வெளிவந்தது. மடிப்பு பொதுவானது, உலோகத்தை முடிவு செய்வது அந்த ஒரு வளையம் என்பதை இவை ஐயமின்றிக் காட்டுகின்றன.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். தாமிரம்-ஏ 480, 530 நானோமீட்டர்களில் ஒளியை உறிஞ்சுவதால் ஊதாவாகத் தெரிகிறது. முழு நொதியில் ஹீம்களின் செறிந்த நிறம் அதை மூடிவிடுகிறது. எனவே கண்ணால் காண முடிவது தனியாகப் பிரித்த துண்டில் மட்டுமே. ஆனால் 830 நானோமீட்டரில் அதற்கு இன்னொரு அகன்ற பட்டை உண்டு. அங்கே ஹீம்களின் குறுக்கீடு மிகக் குறைவு. அந்த அண்மை அகச்சிவப்பு ஒளி தோலையும் எலும்பையும் ஊடுருவும் என்பதால், மண்டையைத் திறக்காமலே மூளைத் திசுவில் இந்நொதியின் நிலையைக் கண்காணிக்கலாம் என்று 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார். இன்று பச்சிளங் குழந்தைகளின் மூளையில் ஆக்சிஜன் நிலையை அளக்கும் கருவிகளின் தொடக்கம் அதுவே.

மறுமொழி 3: ஆய்வகப் பயிற்றுநர்

இரண்டாவது கேள்விக்கு நான் விடையளிக்கிறேன். தங்கள் நொதி கெடவில்லை அம்மா. வளைவுதான் சரியான விடை. இந்தச் சோதனையில் நேர்கோடு வந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

குவெட்டில், அதாவது ஒளியளவிக்குள் வைக்கும் சிறு கலத்தில், நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட சைட்டோகுரோம் சி இளஞ்சிவப்பாக இருக்கிறது. அதற்கு 550 நானோமீட்டரில் கூர்மையான முகடு உண்டு. நொதி எலக்ட்ரானை எடுத்துக்கொண்டதும் அது பழுப்புச் சிவப்பாக மாறி முகட்டை இழக்கிறது. சைட்டோகுரோம் சி-யின் ஹீம் விளிம்பைச் சுற்றி லைசின்களின் நேர்மின்சுமைகள் வளையமாக அமைந்துள்ளன. இரண்டாம் துணையலகின் முகத்தில் ஆஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் எதிர்மின்சுமைகள் அவற்றுக்கு எதிரே நிற்கின்றன. இந்த ஈர்ப்பு புறமேற்பரப்பின் மின்சுமையைப் பொறுத்தது. உள்ளேயுள்ள இரும்பு எலக்ட்ரானைத் தந்துவிட்டதா இல்லையா என்பதை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. எனவே எலக்ட்ரானைக் கொடுத்து முடித்த சைட்டோகுரோம் சி-யும் ஏறத்தாழ அதே நாட்டத்துடன் அதே இடத்தில் வந்தமர்கிறது. மொத்த அளவு மாறாமல் இருக்க, வெறுங்கையுடன் இடத்தை அடைப்பவற்றின் பங்கு கூடிக்கொண்டே போவதால், வேகம் எஞ்சியிருக்கும் ஒடுக்கப்பட்ட சைட்டோகுரோமின் அளவுக்கு நேர்விகிதத்தில் குறைகிறது. அதனால் முதல் வகை வினைக்குரிய அடுக்குக்குறி வளைவு கிடைக்கிறது. இது 1950களிலேயே அறியப்பட்ட செய்தி. இருந்தும் செய்முறைக் கையேடுகள் பல இதைச் சொல்லாமல் "தொடக்க வேகத்தைக் கணக்கிடுக" என்று மட்டும் எழுதிவிடுகின்றன. ஆண்டுதோறும் மாணவர்கள் வளைவின் ஏதோ ஓர் இடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கிழிக்கிறார்கள்.

சரியான வழி இதுதான். வினை ஓடி முடிந்ததும் குவெட்டில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு படிகம் ஒன்றிரண்டைப் போட்டு எஞ்சியதை முழுமையாக ஆக்சிஜனேற்றி, அந்த இறுதி அளவீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நேரப் புள்ளியின் அளவீட்டிலிருந்தும் அதைக் கழித்து, கிடைக்கும் எண்ணின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். அப்போது தாங்கள் தேடிய நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு நொதியின் அளவைக் குறிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. தாங்கல் கரைசலில் உப்பு மிகுந்தால் மேற்சொன்ன மின்சுமை ஈர்ப்பு தளர்ந்துவிடும். ஒரு குழு 10 மில்லிமோலார் பாஸ்பேட்டிலும் இன்னொரு குழு அதைவிடப் பல மடங்கு செறிவிலும் செய்துவிட்டு எண்களை ஒப்பிடுவது பயனற்றது. அடுத்து, சைட்டோகுரோம் சி வெளிச்சவ்வைக் கடக்காது. இரண்டாம் துணையலகின் திரள் சவ்விடைவெளியில் இருப்பதால், வெளிச்சவ்வு சிதையாத மைட்டோகாண்ட்ரியாவில் செயல்பாடு மிகக் குறைவாகவே தெரியும். டோடெசில் மால்டோசைடு போன்ற மென்மையான சோப்புப்பொருளைச் சிறிதளவு சேர்த்த பிறகே முழு அளவு வெளிப்படும். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, எத்தனை விழுக்காடு மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு பழுதின்றி இருக்கிறது என்றும் கண்டுகொள்ளலாம்.

மேற்பரப்பில் எலக்ட்ரான் எந்த இடத்தில் நுழைகிறது என்றும் கேட்பார்கள். மாட்டு நொதியில் அது டிரிப்டோபேன் 104. பாக்டீரிய நொதியில் இதற்கு இணையான டிரிப்டோபேனை மாற்றியபோது, சைட்டோகுரோம் சி பிணைவது ஏறக்குறைய முன்போலவே இருக்க, எலக்ட்ரான் கடக்கும் வேகம் மட்டும் நூற்றுக்கணக்கான மடங்கு வீழ்ந்தது. பிணைப்பும் கடத்தலும் இருவேறு நிகழ்ச்சிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மறுமொழி 4: பயிர் மரபியலாளர்

மூன்றாவது கேள்வி என் துறையைச் சேர்ந்தது. இந்த மரபணு எல்லா உயிர்களிலும் மைட்டோகாண்ட்ரியாவில் தங்கியிருப்பதாகக் கொள்ள வேண்டாம். நம் சமையலறையில் இருக்கும் பாசிப்பயற்றிலும் தட்டைப்பயற்றிலும் அது உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

1991இல் நுஜென்ட், பால்மர் ஆகிய இருவரும் பயறு வகைகளை ஆராய்ந்தபோது, இவ்விரு பயறுகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இரண்டாம் துணையலகின் மரபணு இல்லவே இல்லை என்றும், செயல்படும் படி உட்கருவில் இருக்கிறது என்றும் கண்டார்கள். சோயாவில் இரண்டு இடங்களிலும் படிகள் உள்ளன. வேலை செய்வது உட்கருப் படி, மைட்டோகாண்ட்ரியாப் படி வாய்மூடிக் கிடக்கிறது. பட்டாணியில் நிலைமை நேர்மாறு. இடப்பெயர்ச்சியின் வெவ்வேறு கட்டங்கள் ஒரே தாவரக் குடும்பத்துக்குள் உறைந்து நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அந்த மரபணு எவ்வழியாகச் சென்றது என்பதற்கும் தடயம் இருக்கிறது. தாவர மைட்டோகாண்ட்ரியாவில் ஆர்.என்.ஏ. படியெடுத்த பிறகு சில எழுத்துகள் திருத்தப்படுவது வழக்கம். உட்கருவுக்குச் சென்ற படி, திருத்தம் முடிந்த ஆர்.என்.ஏ.வை ஒத்திருக்கிறது. ஆகவே மரபணு ஆர்.என்.ஏ. வடிவத்தின் வழியாகவே உட்கருவை அடைந்திருக்க வேண்டும்.

அப்படியானால் விலங்குகளில் ஏன் செல்லவில்லை? இரண்டு தடைகளைச் சொல்லலாம். முதலாவது புரதத்தின் இயல்பு. உட்கருவில் குறிக்கப்பட்ட புரதம் சைட்டோசாலில் உருவாகி, இரண்டு சவ்வுகளைக் கடந்து உள்ளே வர வேண்டும். இரண்டாம் துணையலகின் முதல் சுருள் மிகுந்த நீர்வெறுப்புத் தன்மை கொண்டது. அது இறக்குமதி வாயிலிலேயே சிக்கிக்கொள்கிறது. 2002இல் சோயாவில் செய்த ஆய்வில், உட்கருவுக்குச் சென்ற படியின் முதல் சுருளில் நீர்வெறுப்பு குறைந்திருப்பதும், அந்த மாற்றமே உள்ளே நுழைவதற்கு வழிவிட்டதும் தெரிந்தது. 2010இல் ஈஸ்டில் இந்த மரபணுவை உட்கருவிலிருந்து இயக்க முயன்றபோதும், 56ஆம் இடத்து டிரிப்டோபேன் ஆர்ஜினினாக மாறிய பிறகே புரதம் உரிய இடத்தை அடைந்து நொதி வேலை செய்தது. பசும்பாசியான கிளாமிடோமோனாசோ இதற்கு வேறொரு வழி கண்டது: மரபணுவை இரண்டாகப் பிளந்து, இரு துண்டுகளையும் உட்கருவில் வைத்துக்கொண்டது. சவ்வுச் சுருள்கள் ஒரு துண்டிலும் தாமிரம் தாங்கும் திரள் மற்றொன்றிலுமாகத் தனித்தனியே வந்து உள்ளே சேர்கின்றன.

இரண்டாவது தடை குறிமொழி. மனிதரில் இந்த மரபணு 684 எழுத்துகள் கொண்டது. இதன் வரிசையை 1979இல் கேம்பிரிட்ஜில் பாரெல்லும் உடன் பணியாற்றியவர்களும், அப்போது புதிதாகக் கிடைத்திருந்த மாட்டுப் புரதத்தின் அமினோ அமில வரிசையுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லா உயிர்க்கும் பொதுவானது என்று நம்பப்பட்ட குறிமொழியில் யுஜிஏ என்ற மூவெழுத்துக் குறி முற்றுப்புள்ளி. ஆனால் மனித மைட்டோகாண்ட்ரியாவின் வரிசையில் அது நடுநடுவே வந்தது. அந்த இடங்களில் மாட்டுப் புரதத்தில் டிரிப்டோபேன் இருந்தது. மரபுக் குறிமொழி எங்கும் ஒன்றே என்ற கொள்கை முதன்முறையாகத் தளர்ந்தது இந்தத் துணையலகின் மரபணுவில்தான்; எனவே இந்தச் செய்தியைத் தங்கள் உரையில் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். இத்தகைய மரபணு இன்று மனித உட்கருவுக்குப் போனால் முதல் யுஜிஏவிலேயே மொழிபெயர்ப்பு நின்றுவிடும். தாவர மைட்டோகாண்ட்ரியா பொதுக் குறிமொழியையே பின்பற்றுவதால் பயறுகளுக்கு இந்தச் சிக்கல் நேரவில்லை.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: முதுகலை மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மடக்கை வரைபடத்தைப் பழைய அளவீடுகளைக் கொண்டே போட்டுப் பார்த்தேன். கோடு நேராக வருகிறது. பயறுகளின் செய்தி எங்கள் துறையில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்னும் ஒரே ஓர் ஐயம். புரதம் மேட்ரிக்ஸ் பக்கம் உருவாகிறது. தாமிரம் தாங்கும் திரளோ சவ்விடைவெளியில் இருக்கிறது. அத்தனை பெரிய பகுதி சவ்வைக் கடந்து வெளியே வருவது எப்படி, அங்கே இரண்டு தாமிர அணுக்களும் அதனிடம் வந்து சேர்வது எப்படி? இந்த வழியில் பழுது நேர்ந்தால் நோய் உண்டாகுமா?

மறுமொழி 5: குழந்தை நரம்பியல் மருத்துவர்

இந்தக் கேள்வி என் நோயாளிகளைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன்.

மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமிலிருந்து வெளிவரும் சங்கிலியின் முன்பகுதியை ஆக்சா1 என்ற புரதம் உட்சவ்வில் பொருத்துகிறது. பின்னால் வரும் பெரிய திரளைச் சவ்வுக்கு அப்பால் அனுப்புவது காக்ஸ்18. அவ்வாறு வெளியே வந்த புரதத்தை, தாமிரம் வந்து சேரும்வரை காக்ஸ்20 தாங்கிப் பிடித்திருக்கிறது. தனித்த தாமிர அயனி உயிரணுவுக்கு நஞ்சு; எனவே அது கைமாறிக் கைமாறியே வருகிறது. சவ்விடைவெளியில் காக்ஸ்17 தாமிரத்தை எஸ்சிஓ1, எஸ்சிஓ2 என்ற இரு புரதங்களுக்குக் கொடுக்கிறது. அவை இரண்டாம் துணையலகை நிறைவு செய்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவான புரதங்கள் என்றாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முடியாது. தாமிரத்தை இறக்கி வைப்பது முக்கியமாக எஸ்சிஓ1 என்றும், சிஸ்டீன்கள் இரண்டும் தமக்குள் பிணைந்துகொள்ளாமல் தாமிரத்தை ஏற்கும் நிலையில் இருக்கச் செய்வது எஸ்சிஓ2 என்றும் தற்போது கருதுகிறோம். தாமிரம் பெறாத துணையலகு நிலைக்காது, சிதைக்கப்பட்டுவிடும். அது இல்லாமல் முதல் துணையலகும் முழு நொதியாக உருப்பெறாது.

நோய் உண்டாகுமா என்றால், மிகக் கொடிய நோய்கள் உண்டாகின்றன. எஸ்சிஓ2 மரபணுவின் மாற்றங்கள் 1999இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டன. பிறந்த சில மாதங்களுக்குள் இதயத் தசை தடித்து, மூச்சுத்திணறலும் தசைத் தளர்ச்சியும் இரத்தத்தில் லாக்டிக் அமில மிகுதியும் தோன்றும். குழந்தைகள் பெரும்பாலும் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. இந்நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரிடமும் குறைந்தது ஒரு படியிலாவது 140ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறியிருப்பது காணப்பட்டது. தாமிரத்தைப் பற்றும் இரு சிஸ்டீன்களுக்கு அடுத்தாற்போல் இருக்கும் இடம் அது. எஸ்சிஓ1 பழுதானால் பச்சிளம் பருவத்திலேயே கல்லீரல் செயலிழப்பு முன்னிற்கும். ஒரே துணையலகுக்குத் தாமிரம் தரும் இரு புரதங்களுள் ஒன்றின் பழுது இதயத்தையும் மற்றொன்றின் பழுது கல்லீரலையும் தாக்குவது, இத்துறையில் இருப்பவர்களை இன்றும் சிந்திக்க வைக்கும் செய்தி. எஸ்சிஓ2 பழுதான நோயாளிகளின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, வளர் ஊடகத்தில் தாமிரத்தைச் சேர்த்தபோது நொதியின் செயல்பாடு மீண்டது. அந்த முடிவு எங்களுக்குப் பெரும் நம்பிக்கை அளித்தது. ஆனால் நோயாளியின் உடலில் அதே பயன் எளிதில் கிட்டுவதில்லை. இதைப் படித்துவிட்டு எவரும் குழந்தைகளுக்குத் தாமிர மாத்திரை கொடுக்க முற்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மிகுந்த தாமிரம் கல்லீரலைக் கெடுக்கும்.

இரண்டாம் துணையலகின் சொந்த மரபணுவிலும் மாற்றங்கள் பதிவாகியுள்ளன. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 7587ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறி, தொடக்க மெத்தியோனினே திரியோனினாகிவிட்ட ஒரு குடும்பத்தை 1999இல் விவரித்தார்கள். இந்த இரு வகைப் பழுதுகளையும் தசைத் திசுவின் மெல்லிய சீவலில் வேறுபடுத்திக் காணலாம் என்பதால், அதைத் தங்கள் உரையின் கடைசிப் படமாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். நொதி வேலை செய்யும் இழை சாயமேற்றும்போது பழுப்பாகும். வேலை செய்யாத இழை வெளிறியிருக்கும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் மாற்றம் இருந்தால், ஒவ்வோர் இழையிலும் பழுதான படிகளின் விகிதம் வேறுபடுவதால், பழுப்பும் வெளிறலும் விரவிய இழைகள் அடுத்தடுத்துத் தெரியும். எஸ்சிஓ2 போன்ற உட்கரு மரபணுவில் பழுதிருந்தால் இழைகள் எல்லாம் ஒரே சீராக வெளிறியிருக்கும். எந்த டி.என்.ஏ.வை முதலில் வரிசைப்படுத்த வேண்டும் என்பதை அந்தச் சீவலைப் பார்த்தே பலமுறை முடிவு செய்கிறோம்.